றோசலினுக்குத் தெரியாத சொல்

அழகனின் வழக்குக்குப் போன அன்று றோசலின் தன்னிடமிருந்த நல்ல சீலையைக் கட்டிக்கொண்டாள். வழக்கு அவளுடையதல்ல. அவள் சாட்சியும் அல்ல. இருந்தாலும் கோர்ட்டு, கச்சேரி, பொலிஸ் என்று யாரோடு போனாலும் அவள் அப்படித்தான் போவாள். கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து முன்பக்கம் தேய்ந்துபோன தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொள்வாள். வாசலில் காத்து நிற்பவர்களிடம், "வாங்க, பஸ்ஸு போயிரும்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடப்பாள்.

கந்தப்பளையிலிருந்து ராகலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது குருவிக்கல் தோட்டம். அங்கே கொழுந்தெடுக்கும் பெண்களில் சிங்களத்தைத் தயக்கமில்லாமல் பேசக்கூடியவள் றோசலின்தான். சின்ன வயதில் கொழும்புப் பக்கம் ஒரு சிங்கள வீட்டில் வேலைக்கு நின்றவள். அந்த வீட்டுப் பிள்ளைகளை வளர்த்து, அந்த வீட்டுக் கிழவியிடம் ஏச்சு வாங்கி, சந்தையில் மீன்காரனிடம் சண்டை போட்டு அந்த மொழியைப் பிடித்துக்கொண்டாள். எழுதவோ வாசிக்கவோ தெரியாது. இராயப்பனைக் கல்யாணம் செய்துகொண்டு தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அடையாள அட்டைக்குப் போகிறவர்களும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அதற்காக அவள் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. "றோசலின் அக்கா வந்தா எந்த ஆபிசுலயும் காரியம் ஆயிரும்" என்று மற்றவர்கள் பேசிக்கொள்வதைக் காதால் கேட்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அழகன் அவளுடைய லயத்து வீட்டு வரிசையிலேயே நாலாவது வீடு. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யாமல், கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு முதலாளியின் மரக்கறித் தோட்டத்தில் நாள் சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அப்பா சின்னராசா தொய்வுக்காரர், குளிர் கூடினால் மூச்சு வாங்கும். மனைவி கிருஷாந்தி கொழுந்தெடுக்கிறவள். கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மரக்கறித் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் காணாமல் போனது. அதை அழகன் தோளில் வைத்துப் பாதையில் கொண்டுபோனதைப் பலர் பார்த்திருந்தார்கள். பொலிஸில் முறைப்பாடு போனது, அவனைப் பிடித்தார்கள், பிணையில் விட்டார்கள். பிறகு டவுன் கோர்ட்டில் திகதி கொடுத்தார்கள்.

அன்று பஸ்ஸில் அவன் றோசலினின் பக்கத்தில் நின்றுகொண்டு நடந்ததைச் சொன்னான்.

"நான் களவெடுக்கலக்கா. மோட்டரு ஓடல, ராகலைக்குக் கொண்டு போய்க் குடுன்னு சுப்பவைசர் தான் சொன்னாரு. மைக்கல் அண்ணன் கடையில குடுத்துட்டு வந்தேன். அதுக்குப் பொறகு சுப்பவைசரே போய் எடுத்துருக்காரு. மைக்கல் அண்ணன கேட்டா சொல்லுவாரு."

"மைக்கல கூப்புட்டு, சுப்பவைசர கூப்புட்டு, அவன் வரலன்னு தவண போட்டு, அது எப்பய்யா முடியும்?" என்றாள் றோசலின். "ஒவ்வொரு தவணைக்கும் ஒனக்கு ஒரு நாள் வேல போகும். கோர்ட்டுல என்ன நடக்குமுன்னு நான் பாத்துருக்கேன். பேசாம வா."

கோர்ட்டு வளவுக்குள் நுழைந்ததும் கிருஷாந்தி ஒரு பக்கமாகக் கையைக் காட்டினாள். ஒரு சின்ன அறையின் கதவுக்கு மேல் மூன்று மொழியிலும் பலகை தொங்கியது.

"அக்கா, அந்தா சட்ட உதவின்னு போட்டுருக்கே. வசதியில்லாதவங்களுக்குச் சும்மாவே லோயர் வச்சுக் குடுப்பாங்கன்னு மாதர் சங்கத்துல சொன்னாங்க. ஒரு வார்த்த கேட்டுப் பாப்பமா?"

"அது காணிக் கேசுக்கும், புருசங்கிட்ட செலவுக்குக் கேக்குற தாபரிப்புக் கேசுக்கும் தான் புள்ள. களவுக் கேசுக்கெல்லாம் அவங்க வர மாட்டாங்க."

அது றோசலினுக்குத் தெரிந்த விஷயமல்ல. அந்த அறைக்குள் அவள் ஒரு நாளும் போனதில்லை. போயிருந்தால், "நீங்க யாரு?" என்று அவளைக் கேட்டிருப்பார்கள், அழகனும் கிருஷாந்தியும் நேராக அவர்களோடு பேசியிருப்பார்கள், அவள் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பாள். இதை அவள் அன்று இப்படி நினைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். இப்படி நினைக்கத் தொடங்கியது பின்னால்.

பொலிஸ் சார்ஜன் ஒருவர் அவளை அடையாளம் கண்டு, "என்ன தங்கச்சி, இன்றைக்கு யாரோடு வந்தாய்?" என்று சிங்களத்தில் சிரித்தார். குற்றத்தை ஒத்துக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் இழுபடும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். றோசலின் அதை அப்படியே அழகனிடம் கொண்டுவந்தாள்.

அன்றைக்குக் கோர்ட்டில் முதலியார் என்று கூப்பிடும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் சுகவீன லீவு. அழகனைக் கூண்டில் ஏற்றியபோது, சிங்களம் தெரிந்தவர்கள் யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று கேட்டார்கள். றோசலின் எழுந்து முன்னால் போனாள். நீதவான் குற்றப் பத்திரத்தை வாசித்துவிட்டு, குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா என்று கேட்டார்.

றோசலின் அழகன் பக்கம் திரும்பினாள். "மோட்டர தூக்கிட்டுப் போனது நீதானான்னு கேக்குறாரு."

"ஆமா. நான் தான் தூக்கிட்டுப் போனேன்."

அவள் நீதவானைப் பார்த்து ஒரே சொல் சொன்னாள். "வெரதிகாரயா." குற்றவாளி.

தீர்ப்பு வேகமாக வந்தது. ஒரு வருடச் சிறை, அதை ஐந்து வருடத்துக்கு ஒத்திவைப்பதாக நீதவான் சொன்னார். அந்த ஐந்து வருடத்துக்குள் வேறு குற்றம் செய்தால் என்ன ஆகும் என்றும் சொன்னார். சட்டத்துக்கு என்று ஒரு சிங்களம் இருக்கிறது. அது வீட்டுக் கிழவியிடமும் மீன்காரனிடமும் படித்த சிங்களமல்ல. 'அத்ஹிட்டுவனவா' என்ற ஒரு சொல் மட்டும் றோசலினின் காதில் நின்றது. தண்ணீரை நிறுத்தும்போதும் பஸ்ஸை நிறுத்தும்போதும் ரேடியோவில் அந்தச் சொல் வரும். மிச்சம் என்னவென்று கேட்கலாமா என்று ஒரு கணம் வாய் துடித்தது. கோர்ட்டு நிறைய ஆட்கள். சார்ஜன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையை ஆட்டினாள்.

வெளியே வந்து, "நிப்பாட்டியாச்சு. கேஸ் முடிஞ்சு" என்றாள்.

கிருஷாந்தி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் சின்னராசா தன் துண்டுத் தோட்டத்தில் பிடுங்கிய லீக்ஸும் முட்டைக்கோவாவும் ஒரு உரப்பையில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க நடந்து வந்து அவளுடைய வாசல் இஸ்தோப்பில் வைத்துவிட்டுப் போனார். "நீ இல்லாட்டி எம் மகன உள்ள போட்டிருப்பாங்க தாயி" என்றார். றோசலின் அந்த லீக்ஸைச் சமைத்தாள். பல நாள் வரைக்கும் அந்தக் கதையை மலையில் கொழுந்தெடுக்கும்போது சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருடம் போனது. அழகனுக்கு ஒரு மகள் பிறந்தாள், பூரணி என்று பேர் வைத்தார்கள். அவன் ராகலையில் ஒரு லொறியில் மரக்கறி ஏற்றும் வேலைக்குப் போனான். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் ஓட்டோக்காரன் ஒருவனோடு வாய்த்தர்க்கம் வந்து, அழகன் அவனை அறைந்துவிட்டான். அது நடந்ததுதான், அவன் மறுக்கவில்லை. மறுபடியும் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை முதலியார் இருந்தார். எல்லாவற்றையும் ஒழுங்காகத் தமிழில் சொன்னார். அடித்தது உண்மை என்பதால் அழகன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். தண்டப்பணம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தான். றோசலினைக்கூடக் கூப்பிடவில்லை. ஒரு முறை பார்த்ததுதானே என்று கிருஷாந்தியை மட்டும் அழைத்துக்கொண்டு போனான்.

பழைய குற்றங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். இருந்தது. ஒத்திவைத்த ஒரு வருடம் அன்றே உயிர் பெற்றது. சிறைச்சாலை பஸ்ஸில் ஏற்றும்போதுதான் அழகனுக்கே அது விளங்கியது.

கிருஷாந்தி திரும்பி வந்தபோது றோசலின் இஸ்தோப்பில் உட்கார்ந்து ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். கிருஷாந்தி இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். கத்தவில்லை.

"என்னக்கா, கேஸ் முடிஞ்சுன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள்.

"என்ன புள்ள ஆச்சு?"

"மோட்டரு கேசுல ஒரு வருசம் மறியல் போட்டு அத நிப்பாட்டித்தான் வச்சுருந்தாங்களாம். அஞ்சு வருசத்துக்கு ஒரு தப்பும் செய்யக் கூடாதாம். அத அன்னைக்கே கோர்ட்டுல சொன்னாங்களாம். முதலியார் சொல்றாரு. நீங்க ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?"

றோசலினின் கை மாவிலேயே இருந்தது. விளங்கவில்லை என்று சொன்னாலாவது அது உண்மையாக இருந்திருக்கும். அவள் சொன்னது, "எனக்குச் சரியாக் கேக்கல போல" என்பது. கிருஷாந்தி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நாலாவது வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்தக் கிழமை முழுவதும் றோசலின் யாரோடும் எங்கும் போகவில்லை. பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வந்த ஒருத்தியிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனால் பேர் கூப்பிடும் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றவர்களோடு தானும் நின்றாள். தன் முறை வந்தபோது, கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று எப்போதும் சொல்வதையே சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். நற்கருணை வாங்கக் கால் போகவில்லை. அடுத்தடுத்த ஞாயிறும் அப்படியே கடைசி வாங்கில் இருந்துவிட்டாள்.

அந்த முதல் ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை பொழுது விடிந்ததும் கிருஷாந்தியின் கதவைத் தட்டினாள்.

"நான் அன்னைக்கு வேணாமுன்னு சொன்ன அந்த எடத்துக்குப் போவமா புள்ள? சட்ட உதவிக்கு."

"அங்க களவுக் கேசு பாக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

கிருஷாந்தி உள்ளே போய் சீலை மாற்றிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள்.

அந்தச் சின்ன அறையில் இருந்த சட்டத்தரணியின் பேர் நிலக்ஷி. வயது முப்பதுக்குள் இருக்கும். தடித்த கம்பளிச் சட்டைக்கு மேல் கறுப்புக் கோட் போட்டிருந்தார், அந்த அறையில் அவ்வளவு குளிர். கிருஷாந்தி சொல்வதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். வருமானம் என்ன, வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்தார். பிறகு, "நாங்க இந்தக் கேஸ எடுத்துக்குவோம். நீங்க எதுவும் கட்டத் தேவையில்ல. அரசாங்கம்தான் எங்களுக்குச் சம்பளம் குடுக்குது, இதுக்குத்தான் குடுக்குது" என்றார்.

கிருஷாந்தி, "களவுக் கேசும் பாப்பீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"பாப்போமே. வாரத்துல பாதி அதுதான்."

றோசலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுப்பவைசர் சொல்லித்தான் கொண்டு போனேன்னு கோர்ட்டுல சொல்லாம ஏன் குற்றத்த ஒத்துக்கிட்டாரு?" என்று நிலக்ஷி கேட்டார். "அன்னைக்கு அவருக்கு யாரு மொழிபெயர்த்தது? பதிவுல ஒரு பொம்பளன்னு மட்டும்தான் இருக்கும்."

கிருஷாந்தி பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள். காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை என்பது றோசலினுக்கு விளங்கியது. கிருஷாந்தி கையை நீட்டிக் காட்டியிருந்தால் அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"நான் தான் மிஸ்" என்றாள் றோசலின். "குற்றவாளியா இல்லையான்னுதான் ஐயா கேட்டாரு. நான் அழகன்கிட்ட அப்புடிக் கேக்கல. மோட்டர தூக்கிட்டுப் போனியான்னு கேட்டேன். ஆமான்னாரு. நான் குற்றவாளின்னு சொல்லிட்டேன். தீர்ப்பு எனக்கு விளங்கல. விளங்குன மாதிரி தலைய ஆட்டுனேன்."

நிலக்ஷி பேனாவைக் கீழே வைத்தார். ஏசுவார் என்று றோசலின் காத்திருந்தாள். அவர் ஏசவில்லை.

"இத நீங்க சத்தியக் கடதாசியில சொல்லுவீங்களா? மேல் நீதிமன்றத்துல சீராய்வு மனு போடலாம். குற்றத்த ஒத்துக்கிட்டவரு தீர்ப்ப மாத்துங்கன்னு வந்தா லேசுல கேக்க மாட்டாங்க. அவரு சொன்னது ஒண்ணு, கோர்ட்டுக்குப் போனது வேற ஒண்ணுன்னு காட்டணும். அதச் சொல்ல உங்களத் தவிர வேற ஆள் இல்ல."

"சொன்னா என்னையும் உள்ள போடுவாங்களா?"

"வேணுமுன்னு செய்யலன்னுதான் நான் வாதாடுவேன். ஆனா நீதிபதி கடுமையா ஏதாவது சொல்லலாம். எல்லாருக்கும் முன்னால சொல்லலாம். அது நடக்காதுன்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டில் இராயப்பன் இதைக் கேட்டதும் எரிந்து விழுந்தார். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை அவருக்கு, குரல் எப்போதும் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிய குரல்.

"ஒனக்கென்ன பைத்தியமா? உதவி செய்யப் போனவ நீ. ஒரு சதம் வாங்குனியா? இப்ப நீயே போய் நான் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுக்கப் போறியா?"

"பொய்தானங்க சொன்னேன்."

"வேணுமுன்னா சொன்ன?"

றோசலின் கொஞ்சம் யோசித்தாள். "தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதுக்காகச் சொன்னேன். அது வேணுமுன்னு சொன்னதா இல்லையான்னு எனக்கே தெரியலங்க."

இராயப்பன் எழுந்து வெளியே போனார். ஆனால் கடதாசியில் கைநாட்டு வைக்க அவள் போன அன்று, தொழிற்சாலையில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு கூடவே போனார். சமாதான நீதவான் முன்னால் அவள் சத்தியம் செய்யும்போது வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராகலையில் மோட்டர் திருத்தும் மைக்கலையும் நிலக்ஷி தேடிப் பிடித்தார். சுப்பவைசர்தான் மோட்டரை வந்து எடுத்துப் போனார் என்று மைக்கலும் சத்தியக் கடதாசி கொடுத்தார். "என்னைய இத்தன நாளா யாருமே கேக்கல" என்றார். மனு போனது. திகதிக்குக் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் சின்னராசா இறந்துபோனார். மழையும் பனியும் விடாத ஒரு மாதம். மகன் உள்ளே போனதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றார்கள். தொய்வு கூடி, ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

ஒரே மகன். புதைகுழி வரைக்கும் கொள்ளிக்குடம் தூக்க வேண்டியவன். செத்த வீட்டுக்கு அவனை அழைத்துவர வேண்டுமென்றால் கிராம சேவகரின் கடிதம் வேண்டும், பொலிஸ் உறுதிப்படுத்த வேண்டும், சிறைச்சாலையில் அனுமதி வேண்டும். அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. மறுநாள் ஞாயிறு. அந்த வேலைக்கு றோசலினை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே நாலாவது வீட்டு இஸ்தோப்பின் மூலையில் நின்றுகொண்டு போனில் ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டாள். உள்ளே ஒப்பாரி கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "மாத்தையா, அப்பா செத்துட்டாரு, ஒரே மகன்" என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். போனை எடுத்தவர்கள் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். கடிதம் இல்லாமல் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். கிராம சேவகரின் போன் ஒலித்து ஒலித்து நின்றது. அவர் அனுராதபுரத்துக்கு யாத்திரை போயிருக்கிறாராம்.

ஞாயிறு பின்னேரம் பெட்டியைத் தூக்கினார்கள். கிருஷாந்தியின் தம்பி குடம் தூக்கினான். றோசலின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பெட்டி அவளைக் கடந்து போனபோது, தன் வாசலில் உரப்பையை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மனிதரை நினைத்தாள். நீ இல்லாட்டி எம் மகன உள்ள போட்டிருப்பாங்க தாயி.

அந்தச் செத்த வீட்டுக்குப் பிறகு அவள் பாவசங்கீர்த்தனத்தில் உண்மையைச் சொன்னாள். கோயில் சுவாமியார், அந்தக் குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதை நீங்கள் செய்துகொண்டுதானே இருக்கிறீர்கள் என்றார், மன்னிப்பும் கொடுத்தார். வெளியே வரும்போது ஒன்றும் குறைந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

மேல் நீதிமன்றத்தில் மனு விசாரணைக்கு வந்த அன்று றோசலின் வேலைக்குக் கட்டும் பழைய சீலையோடு போனாள். கிருஷாந்தி பிள்ளையோடு முன் வாங்கில் இருந்தாள். நிலக்ஷி எழுந்து பேசினார். பிறகு றோசலினின் சத்தியக் கடதாசியைச் சிங்களத்தில் வாசித்தார். தான் சொன்ன ஒவ்வொன்றும் அந்தப் பெரிய மண்டபத்தில் ஒலிப்பதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாமே விளங்கியது.

அரச தரப்புச் சட்டத்தரணி எழுந்து, தண்டனை கிடைத்த பிறகு இப்படி யாரையாவது கூட்டிக்கொண்டு வருவது எளிது என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பெண் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். றோசலின் எழுந்தாள்.

"ஒத்திவைத்தல் என்றால் என்னவென்று நினைத்தீர்கள்?" என்று அவர் சிங்களத்திலேயே கேட்டார்.

பதில் அவளுக்குச் சிங்களத்தில் தெரியும். ஆனால் அவள் முதலியாரைப் பார்த்தாள். "ஐயா, நான் தமிழ்ல சொல்றேன். நீங்க சொல்லுங்க" என்றாள். முதலியார் தலையசைத்தார்.

"கேஸ நிப்பாட்டிட்டாங்கன்னு நெனைச்சேன். மிச்சம் விளங்கல. கேட்டா எனக்குச் சிங்களம் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுருமுன்னு கேக்கல. அவரு களவெடுத்தேன்னு ஒரு நாளும் சொல்லல. அந்தச் சொல்லு என்னுது."

முதலியார் அதை ஒன்றும் விடாமல் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். பிறகு, இன்னொருவருடைய சுதந்திரத்தை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று தெரியாமல் யாரும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்றார். அதை முதலியார் தமிழில் சொல்லத் தொடங்கியபோது, தனக்கு விளங்கிவிட்டது என்று றோசலின் சொல்லவில்லை. அதை இரண்டாவது முறையும் நின்று கேட்டாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு கட்டளை வந்தது. பழைய குற்றத்தீர்ப்பும் ஒத்திவைத்த தண்டனையும் நீக்கப்பட்டன. மோட்டர் வழக்கைப் புதிதாக விசாரிக்கச் சொல்லி டவுன் கோர்ட்டுக்கே அனுப்பினார்கள். ஒத்திவைத்த தண்டனையே இல்லையென்று ஆனதும், ஓட்டோக்காரனை அடித்ததற்கான தண்டப்பணம் மட்டும்தான் மிச்சம். ஐந்து மாதம் உள்ளே இருந்துவிட்டு அழகன் வீட்டுக்கு வந்தான். மெலிந்து போயிருந்தான். பூரணி அவனிடம் போக மறுத்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

புதிய விசாரணையில் நிலக்ஷியே அவனுக்காக நின்றார். மைக்கல் வந்து சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணையில் சுப்பவைசர் ஒன்றுக்கொன்று மாறாகப் பேசி, பிறகு வாயை மூடிக்கொண்டார். அழகன் குற்றமற்றவன் என்று விடுதலையானான். சுப்பவைசர் மேல் ஏதாவது நடந்ததா என்று கேட்டால், முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்தினார், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

விடுதலையான அன்று பின்னேரம் அழகன் தன் அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தான். றோசலின் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னால் வந்தாள்.

"அழகா, என்னைய ஏசு. ஒரு வார்த்தையாவது ஏசு."

அவன் கூச்சப்பட்டுச் சிரித்தான். "விடுங்கக்கா. நீங்க கேட்டதுக்கு ஆமான்னு நானும் தான சொன்னேன். நீங்க வந்து கோர்ட்டுல சொல்லாட்டி நான் இன்னும் உள்ளதான் இருப்பேன். அப்பாவுக்கு ஆயுசு அவ்வளவுதான்."

அவன் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டுப் போனான். அவனுடைய அந்தப் பெருந்தன்மை அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. சின்னராசாவின் ஆயுசு அவ்வளவுதானா என்று யாருக்கும் தெரியாது. மகன் வீட்டில் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். அதை அவனும் நினைத்திருப்பான், நினைத்துவிட்டுத்தான் இப்படிச் சொன்னான் என்று அவளுக்குத் தோன்றியது.

கிருஷாந்தியிடம் அவள் கேட்கவில்லை. ஒரு நாள் மலையில் அடுத்தடுத்த நிரையில் இருவரும் கொழுந்தெடுக்க வேண்டி வந்தபோது கிருஷாந்தியே சொன்னாள்.

"அவரு மறந்துட்டாருக்கா. அவரு குணம் அப்புடி. எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்."

"சரி புள்ள" என்றாள் றோசலின்.

"மறக்க மனசு வராமலே போனாலும் போகும்."

"அதுவும் சரிதான்."

பிறகு இருவரும் நிரையை முடித்தார்கள்.

றோசலின் இப்போதும் மற்றவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். கோர்ட்டு விஷயம் என்று வந்தால் நேராக அந்தச் சின்ன அறையின் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறாள். அவள் உள்ளே போவதில்லை, வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். ஏதாவது ஒரு சொல் விளங்காவிட்டால், "இது எனக்குத் தெரியாது, அவங்ககிட்டயே கேளுங்க" என்கிறாள். முதல் முறை அப்படிச் சொன்னபோது முகம் சூடாகியது. தோட்டத்தில் சிலர் இப்போது அவளைக் கூப்பிடுவதில்லை. கோர்ட்டில் ஆளை மாட்டிவிட்டவள் என்று பின்னால் பேசுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இராயப்பன் அதைக் கேட்டுச் சண்டைக்குப் போகப் பார்த்தார். அவள்தான் தடுத்தாள்.

போன மாதம் அழகனுக்கு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் அறிக்கை எடுக்க வேண்டியிருந்தது. அவன் லொறியோடு தம்புள்ளைக்குப் போயிருந்தான். காலையில் கிருஷாந்தி பூரணியைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்திரங்களைப் பையில் போட்டுக்கொண்டு, றோசலினின் வாசலைக் கடந்து பஸ்ஸுக்குப் போனாள். தனியாகத்தான் போனாள். ஒரு கணம் நின்று, "டவுனுக்குப் போறேன்க்கா" என்றாள்.

"கூட வரட்டுமா?" என்று றோசலினின் நுனி நாக்கு வரைக்கும் வந்தது. அவள் கேட்கவில்லை. "பாத்துப் போயிட்டு வா" என்றாள்.

கிருஷாந்தி பாதையில் இறங்கி வளைவைத் தாண்டும் வரைக்கும் றோசலின் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.